அறுபது வயது மரக் கிளைடரை நம்பலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஜேர்மனியின் ரோன் மலைப்பகுதியில் தச்சுவேலை செய்த காலத்தில் பழைய மரக் கிளைடர்களோடு எனக்கு ஏற்பட்ட பழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். எஞ்சின் இல்லாமல், மேலெழும் காற்றை மட்டும் நம்பிப் பறக்கும் வானூர்திகள் அவை. கல்லடிக்குத் திரும்பிய பிறகு அவற்றைப் பற்றிக் கதைக்க ஆள் கிடைக்காது என்று நினைத்திருந்தேன். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்து சேர்ந்த கடிதங்கள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. எழுதிய எல்லோருக்கும் நன்றி. முதல் கடிதத்துக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவர் பல வருடங்களாக ஜேர்மனியில் வேலை செய்கிறார். அங்கே கிளைடர் ஓட்டப் பழகி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். இப்போது நண்பர்கள் மூவரோடு சேர்ந்து, 1962இல் செய்த ‘கா 6’ என்ற மரக் கிளைடரை 4,500 யூரோவுக்கு வாங்கப் போகிறாராம். அறுபது வயது தாண்டிய மரச்சாமானில் ஏறிப் பறப்பதா? காசும் போய் ஆளும் போய்விடுவாரோ என்று எனக்கு நித்திரை இல்லை.
– வாசகி, அக்கரைப்பற்று

தங்கச்சி, முதலில் அந்தக் கிளைடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கா 6 ஒரு கண்டபடி செய்த சாமான் அன்று. ருடோல்ஃப் கைசர் வடிவமைத்து, 1955இல் முதன்முதலாகப் பறந்தது. பொப்பன்ஹவுசன் என்ற சிறிய ஊரில் உள்ள அலெக்சாண்டர் ஷ்லைஹர் தொழிற்சாலையில் செய்தார்கள். 1958இல், 15 மீற்றர் இறக்கைக் கிளைடர்களுக்கான ‘ஸ்டாண்டர்ட்’ வகுப்பின் சிறந்த வடிவமைப்புக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. ஹைன்ஸ் ஹூத் என்பவர் 1960இலும் 1963இலும் உலகப் போட்டியில் தன் வகுப்பில் வென்றது இந்தக் கிளைடரில்தான். இறக்கை நுனிக்கு நுனி 15 மீற்றர். ஒரு கிலோமீற்றர் உயரத்தில் விட்டால், காற்று அசையாமல் நின்றாலும் கிட்டத்தட்ட 29 கிலோமீற்றர் தூரம் சறுக்கிச் செல்லும். இன்றைக்கும் நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. உங்கள் கணவர் ஆசைப்பட்டதில் பிழை இல்லை.

வயதை நினைத்துப் பயப்படாதீர்கள். ஈரத்தை நினைத்துப் பயப்படுங்கள். உலர்ந்த இடத்தில் வைத்துப் பேணிய ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம், உலோகத்தைப்போல வளைந்து வளைந்து களைத்துப்போவதில்லை. ஆனால் மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், பசையும் விடத் தொடங்கும். வெளியே வெள்ளைப் பெயின்ற் பளபளக்கும். உள்ளே இறக்கையின் நீளச் சட்டம் உக்கிப்போயிருக்கும். ஆகவே உங்கள் கணவர் கிளைடரைப் பார்க்கும் முன் அது படுத்திருந்த டிரெய்லரைப் பார்க்கட்டும். கிளைடரைக் கழற்றி அடைத்து வைக்கும் நீண்ட பெட்டி வண்டி அது. தரைப்பலகையில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா, காற்றுப் போக வழி இருக்கிறதா, கதவைத் திறந்ததும் புழுங்கிய வாடை அடிக்கிறதா? டிரெய்லர் மோசமென்றால் மேலே பார்க்க வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தில் சில நேரம் கிளைடரைவிட நல்ல டிரெய்லருக்குத்தான் கிராக்கி.

அடுத்தது கையில் ஒரு டோர்ச்சும் பல்வைத்தியரிடம் இருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும். இறக்கையில் பரிசோதனை ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியே, இறக்கை உடலோடு சேரும் வேர்ப்பகுதியைப் பார்க்க வேண்டும். இரும்புப் பிடிகள் மரத்தைத் தொடும் இடத்தில் நீலக் கறுப்பாகக் கறை படர்ந்திருந்தால் ஈரம் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் பிளைவூட் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கனம்தான். அதை விரல் நுனியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நன்றாக ஒட்டிய இடம் கணீரென்று கேட்கும். விட்டுப்போன இடத்தில் சத்தம் சட்டென்று மந்தமாகும். என் காது முதலில் பழகியது அந்தச் சத்தத்துக்குத்தான். இறக்கையின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துவாரங்கள் விட்டிருப்பார்கள். யாரோ ஒருவர் பெயின்ற் அடிக்கும்போது அவற்றை அடைத்துவிட்டிருந்தால் அந்த இறக்கைக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

பிறகு கடதாசி. ஒவ்வொரு பறப்பும் ஒவ்வொரு திருத்தமும் எழுதப்பட்ட பதிவேடு முதல் நாளிலிருந்து தொடர்ச்சியாக இருக்க வேண்டும். “1978இல் கடினமாக இறங்கியது, இடது இறக்கை திருத்தப்பட்டது” என்று எழுதியிருந்தால் கிளைடரை வேண்டாமென்று சொல்லக் கூடாது. யார் திருத்தினார், எந்தப் பசையால், எந்தப் பரிசோதகர் கையொப்பமிட்டார் என்று இருந்தால் அது நல்ல அறிகுறி. அறுபது வருடத்தில் ஒரு கீறலும் இல்லை என்று பதிவேடு சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இழுவைக் கயிற்றுக் கொக்கிக்கும் இருக்கைப் பட்டிக்கும் தயாரிப்பாளர் விதித்த ஆயுள் உண்டு. அவை முடிந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

இந்த ஆட்கள் வாங்குவதும் விற்பதும் சாதாரண வியாபாரம் போன்றதன்று. எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள். ஒரு குறையை மறைத்து விற்றவரின் பெயர் அடுத்த கோடைக்கு முன் எல்லாக் கிளைடர் கழகங்களுக்கும் போய்விடும். நான் பார்த்த ஒரு விற்பனையில், கேட்ட விலையைவிட அதிகம் தர ஒருவர் தயாராக இருந்தார். விற்கும் முதியவர் அவருடைய களஞ்சியத்தைப் பார்க்க வேண்டும் என்றார். போனார். சுவரோரம் குவித்திருந்த வைக்கோலுக்குள் கையை விட்டார், ஈரம் பட்டது, வேண்டாமென்று திரும்பி வந்துவிட்டார். பிறகு ஒரு சிறிய கழகத்துக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். அங்கே கூரை ஒழுகவில்லை என்பதுதான் காரணம். அவர் செய்தது முழுக்கச் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். உங்கள் கணவருக்கு விற்பவரும் இப்படிக் கேள்வி கேட்கிறவராக இருந்தால் நிம்மதியாக இருங்கள். “ஓட்டைகளைத் திறக்கத் தேவையில்லை” என்று சொல்கிறவராக இருந்தால் திரும்பி வரச் சொல்லுங்கள்.

காசு விஷயம். 4,500 யூரோவை நான்காகப் பிரித்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் காப்புறுதி, கொட்டகை வாடகை, வருடப் பரிசோதனை எல்லாம் ஒவ்வொரு வருடமும் வரும். நால்வரும் சேர்ந்து வாங்கினால் எழுத்தில் உடன்படிக்கை போடுங்கள் என்று கட்டாயமாகச் சொல்லுங்கள். ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு எப்படி விலை வைப்பது, உடைத்தவர் எவ்வளவு கட்டுவது, குளிர்காலத்தில் பட்டறையில் யார் எத்தனை மணி வேலை செய்வது, எல்லாம் அதில் வர வேண்டும். நட்பு முறிவது பெரும்பாலும் அந்தக் கடைசி விஷயத்தில்தான்.

பாதுகாப்புக்காக அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் இறக்கைகளைப் பூட்டிய பிறகு, ஒருவர் வெளியே நின்று இறக்கையின் அசையும் பகுதியைக் கையால் அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே இருந்து கட்டுப்பாட்டுத் தடியை அசைத்துப் பார்க்கிறார்களா? அந்தத் தடியை இறக்கையோடு இணைக்கும் தண்டுகளைக் கோர்க்க மறந்து மேலே போனவர்கள் இருக்கிறார்கள், தங்கச்சி. பழைய மரத்தால் நேர்ந்த விபத்துகளை விட இதைப் பற்றித்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன். செய்கிறோம் என்று அவர் சொன்னால், சந்தோஷமாக அனுமதி கொடுங்கள்.

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி நெய்கிறது. கிளைடர் இறக்கையில் துணி போர்த்துவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பருத்தித் துணி அதற்கு உதவுமா?
– நெசவாளர், மருதமுனை

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்ததும் எழுந்து போய் வீட்டிலிருந்த மருதமுனைச் சாரன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெசவு அருமை. ஆனால் இறக்கைக்கு வேண்டியது வேறு. வானூர்திக்கான முதல்தரப் பருத்தித் துணி, அமெரிக்க விதிப்படி, ஓர் அங்குல அகலத் துண்டுக்கு 80 இறாத்தல் இழுவையைத் தாங்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் நைந்து 56 இறாத்தலுக்குக் கீழே போனால் கழற்றி எறிய வேண்டியதுதான். பாவுக்கும் ஊடைக்கும் ஒரே பலம் இருக்க வேண்டும். இன்னொன்று கஞ்சி. பாவுக்குப் போடும் கஞ்சி துணியில் கொஞ்சமும் மிஞ்சக் கூடாது. துணி மீது பூசும் ‘டோப்’ என்ற அரக்குப் போன்ற திரவம் நூலுக்குள் ஊறிக் காய்ந்து துணியை மேளத்தோல்போல இறுக்குகிறது. கஞ்சி இருந்தால் அது ஊறாது.

இங்கிலாந்தில் முன்பு ஐரிஷ் லினன் என்ற ஆளி நார்த் துணியைப் போர்த்தினார்கள். இப்போது பெரும்பாலும் பொலியெஸ்டர். அதைப் பசையால் ஒட்டிவிட்டு இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி இறுக்குவார்கள். பெட்டியின் சூட்டை வெப்பமானி வைத்து அளந்துதான் தொடங்குவார்கள். சுமார் 175 பாகை செல்சியசைத் தாண்டினால் துணி இறுக்கத்தை இழந்துவிடும். எந்தத் துணியானாலும் தரச் சான்றிதழ் இல்லாமல் பரிசோதகர் கையொப்பமிட மாட்டார். ஆகவே இன்று உங்கள் துணியை ஆள் ஏறும் இறக்கைக்குப் போர்த்த வழியில்லை. பாடசாலைப் பிள்ளைகள் செய்யும் மாதிரி விமானங்களுக்குப் போர்த்தலாம். மெல்லிய எண் நூலில், கஞ்சி நீக்கி ஒரு முழம் நெய்து தந்தால் நானே காசு கொடுத்து வாங்கிப் போர்த்திப் பார்க்கிறேன்.

நான் தோணி கட்டும் ஓடாவி. மரத்தோடு மரம் ஒட்டினால் எங்கள் ஊர் உப்புக்காற்றில் எவ்வளவு காலம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். விமானத்துக்கு என்ன பசை போடுகிறார்கள்?
– வாழைச்சேனை

ஓடாவியாரே, நீங்கள் கேட்டதுதான் இந்தத் தொழிலின் அடி. முப்பதுகளில் கட்டிய கிளைடர்களில் பெரும்பாலும் கேசீன் பசை. பாலில் இருந்து எடுக்கும் புரதத்தோடு சுண்ணாம்பு சேர்த்தது. உலர்ந்திருக்கும் வரை நல்ல பலம். ஈரம் பட்டால் பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. பிறகு யூரியா ஃபோமல்டிஹைட் பசைகள் வந்தன. ஜேர்மனியில் கவுரிட், இங்கிலாந்தில் ஏரோலைட். மொஸ்கிட்டோ என்ற மரக் குண்டுவீச்சு விமானங்களில் முதலில் கேசீன், பிறகு யூரியா ஃபோமல்டிஹைட். 1944இல் இந்தியாவில் அந்த விமானங்கள் சில வானிலேயே உடைந்தன. பிரித்துப் பார்த்தபோது பல இடங்களில் பசை பிடிக்கவேயில்லை. நமது பகுதியின் வெப்பமும் மழையும்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். தொழிற்சாலையிலேயே பலகைகள் சரியாகப் பொருந்தவில்லை, இடைவெளி விட்டு ஒட்டினார்கள் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு இரண்டாவது பேச்சில்தான் நம்பிக்கை. பசை ஓட்டையை நிரப்புவதற்கு உரியதன்று என்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று பழைய கிளைடர்களைத் திருத்துகிறவர்கள் ரிசோசினோல் பசையையோ எபொக்சியையோ எடுக்கிறார்கள். ரிசோசினோல் காய்ந்தால் கருஞ்சிவப்புக் கோடாகத் தெரியும், கொதிநீருக்கும் அசையாது, ஆனால் மரம் மரத்தோடு மயிரிழை விடாமல் பொருந்தி, நல்ல இறுக்கத்தில் நிற்க வேண்டும். எபொக்சி கொஞ்சம் இடைவெளியைப் பொறுக்கும், சூட்டைப் பொறுக்காது. நம் ஊர் வெயிலில் கறுப்புப் பெயின்ற் அடித்த இறக்கையைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். எபொக்சி இளகத் தொடங்குவது அந்த அளவுச் சூட்டில்தான். கிளைடர்கள் வெள்ளையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடைந்த சட்டத்தை நீட்டும்போது சரிவாகச் சீவி ஒட்டுவது உங்களுக்குப் பழகிய வேலை. அங்கே ஓர் அங்குலக் கனத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் சரிவு விடுவார்கள், முக்கியச் சட்டத்துக்கு அதைவிடவும் நீளமாக. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே பசையில், அதே மரத்துண்டில், ஒரு மாதிரி ஒட்டி வைப்பார்கள். காய்ந்ததும் அதைச் சுத்தியலால் உடைப்பார்கள். மரம் பிளந்தால் சரி. பசைக்கோட்டில் பிரிந்தால் செய்த வேலை முழுவதையும் கழற்ற வேண்டும். உடைந்த துண்டில் திகதி எழுதிப் பதிவேட்டோடு வைத்துக்கொள்கிற பட்டறைகளும் உண்டு. தோணிக்கும் இதைச் செய்து பாருங்கள்.

பாசிக்குடாவில் எங்களுக்கு விடுதி இருக்கிறது. ஐரோப்பாவில் பழைய கிளைடர் மலிவாகக் கிடைக்கிறது என்றால், ஒன்றைக் கொள்கலனில் இறக்கி வரவேற்பு மண்டபத்தில் தொங்கவிடலாமா?
– காத்தான்குடி

முடியும். நாற்பது அடிக் கொள்கலனில் கா 6 தாராளமாக அடங்கும். இருபது அடியில் அடங்காது. கழற்றிய ஒவ்வொரு இறக்கையும் ஏழரை மீற்றர். ஆனால் பறக்கத் தகுதியுள்ள ஒன்றை வாங்கித் தொங்கவிடாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கடற்கரையில் திறந்த மண்டபத்தில் உப்புக்காற்றும் ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி மழையும் பட்டால், சில வருடங்களிலேயே இரும்புப் பிடிகள் துருவேறும். இறக்கைக்குள் பல்லியும் கறையானும் குடியேறும். அதன் பிறகு யாராலும் அதைப் பறக்க வைக்க முடியாது. இப்படி ஒவ்வொன்றாகப் போனால் மீதமிருப்பவற்றுக்கு உதிரிப்பாகங்களுக்குக்கூட வழியிருக்காது.

பரிசோதகர் “இனிப் பறக்க முடியாது” என்று எழுதிக்கொடுத்த உடல்கள், இறக்கைகள் அங்கே உண்டு. கழகங்கள் அவற்றைக் கிட்டத்தட்ட இனாமாகவே கொடுக்கும். கேட்கும்போது, கருவிகளையும் பூட்டுகளையும் அவர்களே கழற்றி வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார்கள். பழைய கிளைடர்களுக்காக 1973இல் இங்கிலாந்தில் தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். எது தொங்கவிட உரியது, எது பறக்க உரியது என்று அவர்கள் சரியாகச் சொல்வார்கள். மண்டபம் மூடியதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இங்கிலாந்தில் இருந்து வந்த மாமாவின் பெட்டியில் ஒரு கருவி கிடந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஒளிபுகும் குழாய்கள். ஒன்றுக்குள் பச்சைக் குண்டுமணி, மற்றதற்குள் சிவப்பு. இது என்ன? விற்கலாமா?
– கல்லாறு

மகள், நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. இது கொப் ஸ்லேட்டர் நிறுவனம் செய்த கொசிம் வேரியோமீற்றர். கிளைடர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் கருவி. இதன் பின்னால் ஒரு குழாய் போய்ச் சேருவது ஒரு தேநீர் ஃபிளாஸ்கில்! உண்மையாகவே கடையில் விற்கும் ஃபிளாஸ்க். கிளைடர் மேலேறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. ஃபிளாஸ்குக்குள் இருக்கும் காற்று வெளியே வரும் வழியில் பச்சைக் குண்டுமணியைத் தூக்குகிறது. இறங்கும்போது காற்று திரும்பி உள்ளே போய்ச் சிவப்பைத் தூக்குகிறது. எவ்வளவு உயரம் தூக்குகிறதோ அவ்வளவு வேகம். ஃபிளாஸ்க் எதற்கென்றால், வெயிலும் குளிரும் உள்ளேயிருக்கும் காற்றைத் தொடக் கூடாது. இந்தக் கருவியைப் பார்த்துப் பறப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். முள்ளை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, ஓரக்கண்ணில் பச்சை துள்ளினால் போதும்.

எண்ணெய் விட வேண்டாம், தண்ணீரில் கழுவ வேண்டாம். குண்டுமணிகள் இறகு கனம்தான். ஒரு தூசி ஒட்டினாலும் சிக்கிக்கொள்ளும். வாயால் ஊதியும் பார்க்காதீர்கள். விற்கலாம், பெரிய விலை போகாது. பழைய கிளைடரைத் திரும்பப் பறக்கவிட முயலும் ஒருவருக்கு அதே காலத்துக் கருவி கிடைப்பது பெரிய காரியம். அப்படிப்பட்டவருக்குக் கொடுக்க விரும்பினால் ஆசிரியருக்கு எழுதுங்கள், ஆளைத் தேடித் தருகிறேன்.

எனக்கு வயது 15. இங்கே கிளைடர் பறக்கப் பழக முடியுமா, ஐயா?
– மாணவன், களுவாஞ்சிக்குடி

நம் மாவட்டத்தில் கிளைடர் கழகம் இல்லை, தம்பி. அருகில் என்றால் இந்தியாவில் புனேயின் ஹடப்சரில் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஜேர்மனியில் 14 வயதில் தனியாகப் பறக்க அனுமதிப்பார்கள். ஆனால் வானம் படிக்கக் கழகம் தேவையில்லை. கச்சான் காற்று ஓய்ந்திருக்கும் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் படுவான்கரைப் பக்கம் போய் நில்லுங்கள். வாவிக்கு மேலே வானம் வெறுமையாக இருக்கும், வெட்டிய வயலுக்கு மேலே சின்ன வெண்முகில்கள் கட்டத் தொடங்கும். தண்ணீர் மெல்லச் சூடாகிறது, வெறும் தரை விரைவில் சூடாகிக் காற்றை மேலே அனுப்புகிறது. செம்பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே என்ன நிலம் என்றும் எழுதுங்கள். நேரம், காற்றின் திசை, முகிலின் வடிவம் எல்லாம் எழுதுங்கள். கடற்காற்று உள்ளே வந்ததும் பருந்து எங்கே போகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

அந்தக் கொப்பி நிறைந்ததும் உங்கள் விஞ்ஞான ஆசிரியரின் கையொப்பத்தோடு எனக்கு அனுப்புங்கள். ஒன்றரை மீற்றர் இறக்கையுள்ள மாதிரிக் கிளைடருக்கு வரைபடமும், இறக்கையின் விலாச் சட்டங்களை வெட்டப் பிளைவூட்டும் தருகிறேன். துணி மருதமுனையில் இருந்து வரும் என்று நம்புகிறேன்.